ஏடிஹெச்டி சிகிச்சை: டாக்டரும் பெற்றோரும் சேர்ந்து முடிவெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகனுக்கு ஏழு வயதில் ஏடிஹெச்டி என்று சொன்னார்கள். இப்போது அவனுக்குப் பதினாறு. நான் மருத்துவர் அல்ல, கணக்கு ஆசிரியை. எங்கள் ஊரில் இதே நிலையில் உள்ள பெற்றோர் சிலர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. கவனம் நிலைக்காமை, அடங்காத துறுதுறுப்பு, யோசிக்கும் முன்பே செய்துவிடுவது ஆகிய மூன்றும் சேர்ந்தோ தனித்தோ வயதுக்கு மீறிய அளவில் இருந்து பிள்ளையின் அன்றாடத்தைக் குலைப்பதுதான் ஏடிஹெச்டி. உலக அளவில் பிள்ளைகளில் ஏறக்குறைய 5 சதவீதம் பேருக்கு இருக்கிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையின் அளவு பற்றி இங்கே எதுவும் எழுதவில்லை. அதை உங்கள் பிள்ளையைப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

டாக்டர் படித்தவர். முடிவையும் அவரே எடுக்கட்டுமே, எங்களுக்கு என்ன தெரியும்?

குடல்வால் வீங்கி வெடிக்கும் நிலையில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். கையெழுத்துப் போடுங்கள், பேச நேரமில்லை. ஏடிஹெச்டியில் அந்த அவசரம் பெரும்பாலும் கிடையாது; நியாயமான வழியும் ஒன்று மட்டும் இல்லை. மாத்திரை வேகமாக வேலை செய்யும், ஆனால் பசியைக் கெடுக்கலாம். பிள்ளையைக் கையாளப் பெற்றோருக்குத் தரும் பயிற்சி உடம்பைத் தொடாது, ஆனால் வாரம் ஒரு நாள் வேலையை விட்டு வர வேண்டும், பலன் தெரியப் பொறுமையும் வேண்டும். எந்தச் சிரமத்தை எந்தக் குடும்பத்தால் தாங்க முடியும் என்பதை மருத்துவக் கல்லூரியில் சொல்லித் தருவதில்லை.

எந்த மருந்து நாடித்துடிப்பை ஏற்றும் என்று டாக்டருக்குத் தெரியும். காலையில் இட்லியைத் தொடாத பிள்ளை இரவு எட்டு மணிக்குத்தான் வயிறாரச் சாப்பிடுவான் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு தகவலும் ஒரே மேசைக்கு வந்தால்தான் எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்பது சரியாக அமையும். இப்படிச் சேர்ந்து முடிவெடுக்கும் முறையை 1982-லேயே அமெரிக்க அதிபரின் மருத்துவ அறநெறிக் குழு வலியுறுத்தியது. 2012-ல் கிளின் எல்வின் என்ற மருத்துவப் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் அதை மூன்று படிகளாகச் சுருக்கினார்கள். தேர்ந்தெடுக்க வழிகள் இருக்கின்றன என்று முதலில் சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொரு வழியின் நன்மை தீமைகளை விளக்க வேண்டும். கடைசியில் உங்களுக்கு எது முக்கியம் என்று கேட்டு முடிவுக்கு வர வேண்டும். நம்மில் பலருக்கு முதல் படியே நடப்பதில்லை. சீட்டு நேராகக் கைக்கு வந்துவிடுகிறது.

ஓ.பி.யில் ஐந்து நிமிடம் கிடைப்பதே பெரிது. இதெல்லாம் நடக்கிற காரியமா?

நேரம் ஒரு பிரச்சினைதான். ஆனால் நேரம் தாராளமாக உள்ள நாடுகளிலும் இது தானாக நடந்துவிடவில்லை. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் அலெக்சாண்டர் ஃபிக்ஸும் அவருடைய குழுவும் இதைப் பற்றி ஏடிஹெச்டி பிள்ளைகளின் பெற்றோரிடமும் குழந்தை மருத்துவர்களிடமும் தனித்தனியே பேசி, 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சேர்ந்து முடிவெடுப்பது நல்லது என்று இரு தரப்பும் சொன்னது. ஆனால் அதற்கு என்ன பொருள் என்பதில் இருவரும் வேறு வேறு ஊரில் இருந்தார்கள். பெற்றோர் அதைச் சமமான இருவரின் கூட்டாகப் பார்த்தார்கள். டாக்டர்களோ, தாம் சரியென்று கருதும் சிகிச்சையைக் குடும்பத்தை ஏற்க வைப்பதற்கான வழியாகப் பார்த்தார்கள். டாக்டர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு நம்மிடம் பேசுகிறார் என்று தோன்றியதும் பெற்றோரின் நம்பிக்கை குறைந்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பெண் பார்க்க வரும் முன்பே மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு, 'பெண்ணைப் பிடித்திருக்கிறதா' என்று மாப்பிள்ளையைக் கேட்பது போல.

ஐந்து நிமிடத்தில் என்ன செய்யலாம்? ஒரு தாளின் ஒரு பக்கத்தில் மூன்று விஷயங்களை எழுதிக்கொண்டு போங்கள். எது மாற வேண்டும், எதற்குப் பயப்படுகிறோம், வீட்டில் எது நடைமுறைக்கு ஒத்துவராது. அந்தத் தாளை டாக்டரின் மேசையில் வையுங்கள். ஓயாமல் பேசும் பெற்றோரைப் பாதியில் நிறுத்தும் டாக்டர்கூட எழுதிய தாளைப் படித்துவிடுகிறார். இது என் ஒன்பது வருட அனுபவம்.

'எது மாற வேண்டும்' என்பதில் 'நன்றாகப் படிக்க வேண்டும்' என்று எழுதாதீர்கள். அதை யாராலும் அளக்க முடியாது. 'வீட்டுப்பாடம் இரண்டு மணி நேரம் அழுகையோடு நடக்கிறது, முக்கால் மணியில் முடிய வேண்டும்', 'சாலையில் கையை உதறிவிட்டு ஓடுகிறான், அது நிற்க வேண்டும்' என்று எழுதுங்கள். நான் முதலில் எழுதிப் போனது 'தங்கையை அடிக்கக் கூடாது' என்பதைத்தான். மதிப்பெண் என் பட்டியலில் மூன்றாவதாக இருந்தது. டாக்டர் முதலாவதாக நினைத்திருந்தது மதிப்பெண்ணை. அந்தத் தாள் இல்லாவிட்டால் இருவரும் இரண்டு வேறு நோய்களுக்கு வைத்தியம் பேசிக்கொண்டிருந்திருப்போம்.

இது ஏடிஹெச்டிதான் என்று எப்படி உறுதி செய்வது? ஸ்கேன் எடுத்தால் தெரியுமா?

தெரியாது. இதைக் காட்டிக் கொடுக்கும் ரத்தப் பரிசோதனையும் கிடையாது, ஸ்கேனும் கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 கையேட்டின்படி, கவனக்குறைவுக்கான ஒன்பது அறிகுறிகளில் ஆறோ, துறுதுறுப்புக்கான ஒன்பதில் ஆறோ, ஆறு மாதமாவது இருந்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே அவற்றில் பல தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். பள்ளியில் மட்டும் சேட்டை, வீட்டில் ஒன்றுமில்லை என்றால் முதலில் பள்ளியைத்தான் பார்க்க வேண்டும்.

காது, கண், தூக்கம், கற்றல் குறைபாடு, பதற்றம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். ஆசிரியரிடமிருந்து எதுவும் வாங்காமல், பத்து நிமிடம் பிள்ளையைப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினால், 'பள்ளியில் எப்படி இருக்கிறான் என்று ஆசிரியரிடம் எழுதி வாங்கி வரட்டுமா' என்று நீங்களே கேட்கலாம். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளோடு இணைந்த மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் இந்த மதிப்பீட்டைக் கட்டணமில்லாமல் செய்துகொள்ளலாம்.

பிள்ளைக்கு நான்கு வயது. மாத்திரை எழுதிவிட்டார்கள். கொடுக்கலாமா?

கொடுக்கும் முன் இன்னொரு கருத்துக் கேளுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் ஆறு வயதுக்குக் கீழே முதலில் பெற்றோர் பயிற்சியைத்தான் சொல்கிறது. பிரிட்டனின் 2018 வழிகாட்டுதல் இன்னும் கண்டிப்பானது. ஐந்து வயதுக்குக் கீழே மருந்து என்றால், சின்னஞ்சிறு பிள்ளைகளின் ஏடிஹெச்டியில் அனுபவமுள்ள நிபுணரிடம் இரண்டாவது கருத்தும் வாங்கியாக வேண்டும். 2006-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் மூன்று முதல் ஐந்தரை வயதுப் பிள்ளைகளுக்கு, ஏடிஹெச்டிக்கு அதிகம் எழுதப்படும் மருந்தான மெத்தில்ஃபெனிடேட்டைக் கொடுத்துப் பார்த்தபோது பலன் இருந்தது. ஆனால் பெரிய பிள்ளைகளைவிடப் பலன் குறைவாகவும், பக்கவிளைவு கூடுதலாகவும் இருந்தன.

மருந்தா, பயிற்சியா? எது உண்மையில் உதவும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். இதற்குப் பதில் தேடி 1990-களில் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஏழு முதல் ஒன்பது வயது வரையான 579 பிள்ளைகள், நான்கு குழுக்கள், பதினான்கு மாதங்கள். ஒரு குழுவுக்குக் கவனமாகக் கண்காணிக்கப்பட்ட மருந்து, ஒரு குழுவுக்குத் தீவிர நடத்தைப் பயிற்சி, ஒரு குழுவுக்கு இரண்டும். நான்காவது குழுவினர் தங்கள் ஊர் டாக்டரிடமே வழக்கம்போலப் போனார்கள்.

1999-ல் முடிவு வந்தது. கவனமின்மை, துறுதுறுப்பு ஆகிய அடிப்படை அறிகுறிகளில் மருந்துக் குழுவும் இரண்டும் பெற்ற குழுவும் மற்ற இரண்டையும் முந்தின. மருந்து வென்றது என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டவை வேறு. இரண்டும் பெற்ற பிள்ளைகளுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமாக இருந்தது. பெற்றோர்–பிள்ளை உறவிலும் பதற்றத்திலும் அவர்களுக்கே கூடுதல் பலன் கிடைத்தது. இன்னொன்று, ஊர் டாக்டரிடம் போன பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மருந்து சாப்பிட்டவர்கள்தான். அப்படியும் அவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. மருந்துக் குழுவில் மாதாமாதம் அரை மணி நேரம் டாக்டரோடு பேச்சு இருந்தது, ஆசிரியரிடம் கேட்டார்கள், அளவை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஊர் டாக்டரோடு அந்தப் பேச்சு வருடத்துக்கு ஓரிரு முறைதான் நடந்தது. மருந்து ஏறக்குறைய அதேதான், சுற்றியிருந்த கவனிப்பு வேறு. 'எந்த மாத்திரை' என்று கேட்பவர்களிடம் நான் முதலில் 'அடுத்து எப்போது வரச் சொன்னார்' என்றுதான் கேட்கிறேன்.

2007-ல் இன்னொரு செய்தி வந்தது. மூன்று ஆண்டு முடிவில் நான்கு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை. முதல் பதினான்கு மாதத்துக்குப் பிறகு யார் என்ன செய்தார்கள் என்பது அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. மருந்து பயனற்றது என்று இதற்குப் பொருள் சொல்ல மாட்டேன். ஏழு வயதில் எடுத்த முடிவு பத்து வயதுக்கும் தானாகச் செல்லுபடியாகாது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நடைமுறையில், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை மருந்தோடு பெற்றோர் பயிற்சியோ, வகுப்பறை மாற்றங்களோ, முடிந்தால் இரண்டுமோ சேர வேண்டும் என்பது அமெரிக்க வழிகாட்டுதல். பிரிட்டனில் முதலில் சூழலை மாற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள். உட்காரும் இடம், சின்னச் சின்ன இடைவேளை, சத்தம் குறைந்த மூலை. அதற்குப் பிறகும் பாதிப்பு கணிசமாக நீடித்தால் மருந்து. பாருங்கள், இரண்டு நாட்டு நிபுணர்களே ஒரே ஆராய்ச்சிகளைப் படித்துவிட்டு வெவ்வேறு வரிசையைச் சொல்கிறார்கள். உங்களுக்கும் உங்கள் டாக்டருக்கும் கருத்து வேறுபாடு வந்தால் அதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை.

பெற்றோருக்குப் பயிற்சி என்றால் எங்கள் வளர்ப்பில் குறை என்று பொருளா?

இல்லை. இந்தக் குறைபாட்டில் மரபின் பங்கு 70 முதல் 80 சதவீதம் என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. வளர்ப்பால் வந்ததல்ல. ஆனால் சாதாரணப் பிள்ளைக்குப் போதுமான வளர்ப்பு இந்தப் பிள்ளைக்குப் போதவில்லை, அவ்வளவுதான். பயிற்சியில் சொல்வதெல்லாம் கேட்க எளிதாகவே இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்வது. 'சமர்த்தாக இரு' என்பதற்குப் பதில் 'பையை ஆணியில் மாட்டு' என்பது. நல்லது செய்த அதே நிமிடத்தில் பாராட்டுவது, மாலை அப்பா வரும் வரை ஒத்திவைக்காமல் இருப்பது. நாள் முழுதும் கத்திக் களைத்த ஒரு தாய் இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்று செய்தவர்களுக்குத் தெரியும். எனக்கு எட்டு வாரம் பிடித்தது, அதில் முதல் மூன்று வாரம் பயிற்சியாளரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த மாத்திரை போதை மருந்தாமே? மருந்துக் கடைக்காரரே ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

மெத்தில்ஃபெனிடேட் இந்தியாவின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் சட்டத்தின் அட்டவணையில் இருப்பது உண்மை. அதனால்தான் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள். தவறாகப் பயன்படுத்த வழி உள்ள பொருள் என்பதால் அந்தக் கட்டுப்பாடு. டாக்டர் சொன்ன அளவில் உட்கொண்ட பிள்ளைகள் பின்னாளில் போதைக்கு அடிமையாகும் வாய்ப்பு இதனால் கூடியதாக ஆய்வுகள் காட்டவில்லை. மாத்திரையைப் பெரியவர்கள் பொறுப்பில் பூட்டி வைக்க வேண்டும், வகுப்புத் தோழனுக்குக் கொடுக்கக் கூடாது என்பதைப் பிள்ளைக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

இது நேற்று வந்த மருந்தல்ல. 1944-ல் சுவிட்சர்லாந்தில் லியாண்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலாளர் இதை உருவாக்கினார். மனைவி மார்கரீட்டின் செல்லப் பெயரான ரீட்டாவை வைத்து ரிட்டாலின் என்று பெயரிட்டார்கள். சாதாரண மாத்திரை மூன்று நான்கு மணி நேரம் வேலை செய்யும். மெதுவாகக் கரையும் வகைகள் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை போகும். பத்துப் பிள்ளைகளில் ஏழு பேருக்கு ஓரளவு பலன் தெரியும். மீதி மூன்று பேரில் உங்கள் பிள்ளையும் ஒருவனாக இருக்கலாம் என்பதையும் முதல் நாளே பேசிவிடுவது நல்லது.

பக்கவிளைவுகளில் அடிக்கடி வருபவை பசியின்மை, தூக்கம் தள்ளிப்போவது, வயிற்று வலி, தலைவலி. வருடக்கணக்கில் விடாமல் உட்கொண்டால் வளர்ந்த பிறகு உயரம் சராசரியாக ஓரிரு சென்டிமீட்டர் குறையலாம். இதைச் சொல்லும்போது சில அம்மாக்கள் உடனே வேண்டாம் என்கிறார்கள், சிலர் 'இரண்டு சென்டிமீட்டர்தானே' என்கிறார்கள். இரண்டும் நியாயமான பதில்கள்தான். அந்தச் சென்டிமீட்டரின் மதிப்பை டாக்டரால் முடிவு செய்ய முடியாது.

தவறாமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளைக்கு இதயக் கோளாறு, ஓடும்போது மயக்கம், அல்லது பெற்றோர், உடன்பிறந்தோர் யாராவது நாற்பது வயதுக்குள் திடீரென்று மாரடைப்பு போல இறந்தது. இதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அதே போல் பத்து வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம், அளவை மாற்றும்போதெல்லாம் நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும் என்பது பிரிட்டன் வழிகாட்டுதல். இது நம் ஊரில் விட்டுப்போவது சகஜம். எடை பார்க்கும் இயந்திரம் பல மருந்துக் கடைகளில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் மாத்திரைக்கு முன் இரண்டு நெய்த் தோசை என்று ஒரு சட்டம் வைத்தோம். மதியச் சாப்பாடு பெரும்பாலும் டப்பாவோடு திரும்பி வந்துவிடும். ஆறு மணிக்கு மேல் மருந்தின் வேகம் குறைந்ததும் பசி பிசாசு மாதிரி வரும், அப்போது சோறு தயாராக இருக்க வேண்டும்.

வேறு மருந்துகளே இல்லையா?

அடோமாக்சிடின் இருக்கிறது. போதைச் சட்ட அட்டவணையில் வராது. நாள் முழுதும் வேலை செய்யும், ஆனால் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அரிதாகச் சில பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் வரலாம் என்ற எச்சரிக்கை அதற்கு உண்டு. முதல் மாதங்களில் மனநிலையைக் கவனித்து, மாற்றம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். குளோனிடின் போன்றவற்றைத் தூக்கமும் முரட்டுத்தனமும் சேர்ந்த பிரச்சினையாக இருக்கும்போது யோசிக்கிறார்கள். குளோனிடினைத் திடீரென நிறுத்தக் கூடாது, ரத்த அழுத்தம் எகிறும்.

எனக்குச் சம்மதம், கணவருக்குச் சம்மதமில்லை. மாமியாரோ குலதெய்வத்துக்கு மொட்டை போட்டால் போதும் என்கிறார். என்ன செய்வது?

மொட்டை போடுங்கள். அதனால் எந்தச் சிகிச்சைக்கும் கெடுதல் இல்லை, மாமியாரும் உங்கள் பக்கம் வருவார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம் வீடுகளில் பெற்றோர் என்றால் இரண்டு பேர் மட்டும் அல்ல. காலையில் மாத்திரை கொடுப்பது பாட்டியாக இருந்தால் பாட்டிக்குத் தெரியாமல் எடுத்த முடிவு ஒரு வாரம்கூட நிற்காது. எங்கள் குழுவில் ஒரு வீட்டில் பாட்டி மூன்று மாதம் மாத்திரையைத் துளசி மாடத்தில் போட்டுக்கொண்டிருந்தார். பலன் இல்லை என்று டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். பேரனை 'மந்தமாக்கும்' மருந்து என்று யாரோ சொன்ன பயம் அவருக்கு. அடுத்த முறை பாட்டியை உள்ளே அழைத்துப் போனார்கள். அந்தப் பயத்தை அவர் வாயாலேயே டாக்டரிடம் கேட்டார், டாக்டரும் பொறுமையாகப் பதில் சொன்னார். அன்றைக்குத்தான் அந்தக் குடும்பம் உண்மையில் முடிவெடுத்தது.

கணவர்களின் வசனம் எனக்கு மனப்பாடம். 'நானும் சின்ன வயதில் இப்படித்தான், இப்போது நன்றாக இல்லையா?' மரபுக் கணக்கின்படி அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். 'அப்போது உங்களுக்கு எது கஷ்டமாக இருந்தது' என்று கேட்டுப் பாருங்கள். என் கணவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஆறாம் வகுப்பில் வருடம் முழுக்கப் பெஞ்சில் நின்ற கதையைச் சொன்னார். நான் வாதாடி அவரை மாற்றவில்லை.

இருவருக்கும் ஒத்துவராவிட்டால் நிரந்தர முடிவாகப் பேசாதீர்கள். ஆறு வாரச் சோதனை என்று பேசுங்கள். என்ன மாறினால் தொடர்வது, எது வந்தால் நிறுத்துவது என்று தொடங்கும் முன்பே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். முடிவில் அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள்.

பிள்ளையிடமும் கேட்க வேண்டுமா? அவனுக்கு என்ன புரியும்?

உடம்பு அவனுடையது. ஏழு வயதில், மருந்து வேண்டுமா என்று கேட்க வேண்டியதில்லை. காலையிலா பள்ளி போகும்போதா, மாத்திரையைத் தண்ணீரோடா மோரோடா என்று கேட்கலாம் (மெதுவாகக் கரையும் வகையைக் கடித்தோ பொடித்தோ கொடுக்கலாமா என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் கூடாது). பன்னிரண்டுக்கு மேல் அவன் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்காது. அமெரிக்க வழிகாட்டுதலும் பதின்பருவத்தினரின் இசைவோடுதான் மருந்து என்கிறது. சம்மதிக்காத பிள்ளை மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளிக்கக் கற்றுக்கொள்ளும்.

என் மகனுக்குப் பத்து வயதில் எல்லாம் சரியாகிவிட்டதாக நாங்கள் மகிழ்ந்துகொண்டிருந்தோம். டைரியில் புகார் இல்லை, மதிப்பெண் ஏறியிருந்தது, தங்கையும் அடி வாங்குவதில்லை. அந்த முறை டாக்டர் என்னைப் பார்க்காமல் அவனைப் பார்த்து, 'உனக்கு எப்படிடா இருக்கிறது?' என்று கேட்டார். 'சார், மாத்திரை போட்டால் எனக்கு ஜோக் வருவதில்லை' என்றான். வகுப்பில் எல்லோரையும் சிரிக்க வைப்பவன் என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே பெருமை. அது போய்விட்டது என்று ஒரு வருடமாக எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. டாக்டர் அளவைக் குறைத்தார். மதிப்பெண் கொஞ்சம் இறங்கியது. ஜோக் திரும்பி வந்தது. மதிப்பெண் இறங்கியதற்கு ஆசிரியையான எனக்கு வருத்தம் இருந்ததா என்றால், இருந்தது.

மாத்திரை கொடுத்தால்தான் பள்ளிக்கு வரலாம் என்கிறார்கள். சரியா?

சரியல்ல. பிள்ளை எப்படி இருக்கிறான் என்று சொல்வது ஆசிரியரின் வேலை, அது மிக மதிப்புள்ள தகவல். எதை விழுங்க வேண்டும் என்று சொல்வது அவர் வேலை அல்ல. நானும் அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்காருபவள் என்பதால் துணிந்து சொல்கிறேன். ஒரு பள்ளியில் எங்களுக்கும் இந்த நிபந்தனை வைத்தார்கள். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி, முதல் வரிசையில் இடம், பாதி வகுப்பில் கரும்பலகை துடைக்கும் வேலை, நீண்ட கேள்வியைத் துண்டு துண்டாகக் கொடுப்பது என்று மூன்று கோரிக்கைகளோடு திரும்பப் போனோம். இரண்டை ஏற்றுக்கொண்டார்கள்.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் உள்ள 21 வகைகளில் ஏடிஹெச்டி தனிப் பெயராக இல்லை. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் இருக்கின்றன. ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகள் பலருக்குக் கற்றல் குறைபாடும் கூடவே இருப்பதால், தேர்வுச் சலுகை தேவைப்பட்டால் அதற்கான மதிப்பீட்டையும் கேட்டுப் பெறுங்கள்.

இனிப்பை நிறுத்தினால்? மீன் எண்ணெய்? சித்த மருந்து?

இனிப்பு பிள்ளையைத் துள்ள வைக்கிறது என்ற நம்பிக்கையைக் கட்டுப்பாடான சோதனைகள் உறுதி செய்யவில்லை. பல்லுக்காகக் குறைத்துக்கொள்ளுங்கள். செயற்கை நிறமிகளை நீக்குவதையோ ஒமேகா மாத்திரைகளையோ பொதுவான சிகிச்சையாகப் பிரிட்டன் வழிகாட்டுதல் பரிந்துரைப்பதில்லை. ஏதோ ஓர் உணவு உங்கள் பிள்ளையைக் கிளப்புவது போலத் தெரிந்தால், சாப்பிட்டதையும் நடந்ததையும் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். நாட்டு மருந்து எது கொடுத்தாலும் மறைக்காதீர்கள். திட்டுவார் என்று பயந்து மறைத்த லேகியம்தான் ஆபத்து.

மருந்து வேண்டாம் என்று சொன்னால் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

சிலர் கோபிப்பார்கள். 'வேண்டாம்' என்று மட்டும் சொல்லிவிட்டுக் காணாமல் போவதால்தான் பாதிக் கோபம். 'மூன்று மாதம் பயிற்சியும் வகுப்பறை மாற்றமும் செய்து பார்க்கிறோம். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு இன்ன தேதியில் வருகிறோம். அதற்குள் அவன் சாலையில் ஓடுவது நிற்காவிட்டால் மருந்தை மறுபடி பேசுவோம்' என்று சொல்லுங்கள். கோபிப்பதற்கு அதில் அதிகம் இல்லை. அப்படியும் கதவைக் காட்டினால் வேறு டாக்டரைப் பாருங்கள். இடையில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ல் தமிழிலும் பேசலாம்.

மருந்து வேண்டாம் என்பதற்கும் விலை உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக இருக்க மாட்டேன். தினமும் அடியும் திட்டும் வாங்கி, நண்பன் ஒருவன்கூட இல்லாமல் ஒரு பிள்ளை கழிக்கும் வருடங்களும் பக்கவிளைவுதான். மருந்தால் வரும் பாதிப்பைத் தாளின் ஒரு பக்கத்திலும், மருந்தில்லாமல் வரும் பாதிப்பை மறு பக்கத்திலும் எழுதிப் பாருங்கள்.

எத்தனை வருடம் கொடுக்க வேண்டும்?

முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. வருடத்துக்கு ஒருமுறையாவது 'இது இன்னும் தேவையா' என்று உட்கார்ந்து பேச வேண்டும். நிறுத்திப் பார்ப்பதென்றால் டாக்டரோடு பேசி நிறுத்துங்கள், புதிய பள்ளியில் சேர்ந்த மாதத்திலோ பொதுத்தேர்வுக்கு முன்போ வேண்டாம். என் மகன் எட்டாம் வகுப்புக் கோடையில் நிறுத்தினான். ஒன்பதாம் வகுப்பில் அவனே கேட்டுத் திரும்பத் தொடங்கினான். இப்போது தேர்வுக் காலம் தவிர மற்ற ஞாயிறுகளில் மாத்திரை இல்லை. இந்த ஞாயிறு ஏற்பாடும் அவனும் டாக்டரும் பேசி வைத்துக்கொண்டது, எனக்குத் தகவல் மட்டும் வந்தது.

அடுத்த வாரம் முதல் முறையாகப் போகிறோம். எதை எடுத்துக்கொண்டு போவது?

நான் சொன்ன ஒரு பக்கத் தாள். ஆசிரியர் எழுதிய நான்கு வரி. ஒரு நல்ல நாள், ஒரு மோசமான நாள் ஆகியவற்றின் வீட்டுப்பாட நோட்டு, இரண்டும் அடுத்தடுத்து இருந்தால் டாக்டருக்கு உங்கள் விளக்கமே தேவைப்படாது. இதுவரை கொடுத்த எல்லா மருந்தின் அட்டைகளும். கணவரும் வர முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் அவருடைய கேள்வியையாவது அவர் கையெழுத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே வரும் முன் ஒரு கேள்வி: 'நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும், எப்போது திரும்ப வர வேண்டும்?'

முன்பதிவு செய்திருந்தாலும் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். துறுதுறுப்பான பிள்ளைகளைப் பார்க்கும் டாக்டரின் வராந்தாவில்தான் துறுதுறுப்பான பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக இருப்பார்கள். ஒரு பந்தும் கொஞ்சம் முறுக்கும் பையில் இருக்கட்டும்.